சூயஸ் மூடிய ஆண்டும் பாயான் பாருவும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கே ஒருகாலத்தில் நெல்வயலும் கம்பமுமாய்க் கிடந்த நிலமே இன்று பாயான் பாரு என வழங்கும் நகரம். 'பாரு' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதிது என்பது பொருள். ஊர் புதியதுதான்; ஆயினும் அது தோன்றிய காரணத்தைத் தேடிச் செல்வோர் தீவைக் கடந்து, கடலைக் கடந்து, ஒரு பாலைநிலப் போர்க்களத்திற் போய் நிற்பர்.

1967ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இஸ்ரேலும் அரபு நாடுகளும் ஆறு நாட்கள் பொருதன. போர் ஆறே நாளில் முடிந்தது; ஆனால் அதனால் அடைபட்ட சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிவர நேர்ந்த கப்பல்களால் இங்கிலாந்தின் வாணிகச் செலவு ஏறியது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த பவுன் நாணயத்தை அதற்குமேல் தாங்கிப் பிடிக்க அந்நாட்டு அரசால் இயலவில்லை. நவம்பர் 18ஆம் நாள் பவுனின் மதிப்பு 14.3 விழுக்காடு குறைக்கப்பட்டது. பவுனோடு பிணைந்திருந்த பழைய மலாயா வெள்ளி ஒன்று எண்பத்தைந்து காசாயிற்று. வங்கியில் பணம் வைத்திருப்போர் ஒருவாறு தப்பினர். பழைய நோட்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த ஏழைகளே இழந்தனர். அதனை எதிர்த்து நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் தொடங்கிய கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்களைப் பலிகொண்டது. அடுத்த ஜனவரி 16ஆம் நாள், சூயஸுக்குக் கிழக்கேயுள்ள தம் படைகளை 1971 முடிவுக்குள் விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரதமர் ஹெரல்ட் வில்சன் அறிவித்தார்.

போர் இத்தீவுக்குப் புதிய விருந்தாளியன்று. 1914 அக்டோபர் 28ஆம் நாள் வைகறையில் ஜெர்மானிய எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலான செம்சூக்கை மூழ்கடித்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு பொழிந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றி இரவோடிரவாக அகன்றபின், கார்ன்வாலிஸ் கோட்டையிற் பறந்த கொடியை இறக்கச் செய்து, 'நகரம் எதிர்ப்பின்றி நிற்கிறது, குண்டு வீசாதீர்' என்று வானொலிவழி ஜப்பானியருக்கு உணர்த்தியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழரான இப்பெரியாரைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் சற்று விரிவாகக் கூறியிருக்கலாம்.

அன்றைய போர்கள் உயிரைக் கவர்ந்தன. 1960களின் போர்களோ பிழைப்பைக் கவர்ந்தன. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய 'கொன்ஃப்ரன்தாசி' எனும் எதிர்ப்புப் போரால் சுமத்திராவுடனான வாணிகம் அறுந்தது. 1786 முதல் தடையற்ற வாணிகத் துறைமுகமாக வாழ்ந்த தீவு 1969இல் அத்தகுதியை இழந்தது. சரக்கைத் தரம் பிரிப்போர், படகோட்டிகள், சுமை தூக்குவோர், பண்டகசாலைக் கணக்கர் என அவ்வாணிகத்தையே நம்பியிருந்தோர் கைபிசைந்து நின்றனர். வேலையற்றோர் நூற்றுக்குப் பதினைவர் அளவில் பெருகினர். தமிழர்க்கு இன்னுமோர் இடி விழுந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென 1968இல் சட்டம் இயற்றப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு முப்பதாண்டு உழைத்தவர்கள் தாயகத்திற்கே கப்பலேறினர். அவர்களுள் பலருக்கு அது தாயகமாகவும் இல்லை.

இந்நிலையில்தான் 1969 தேர்தலில் வென்று முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக மண்டலம் திறக்கப்பட்டது. அதன் தொழிலாளர்க்கு வீடாக அருகே பாயான் பாரு எழத் தொடங்கிற்று. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், ஏ.எம்.டி., லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன் எனும் எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. 'எட்டுச் சாமுராய்கள்' என்று அவற்றைச் சொல்வது வழக்கு. கூலி குறைவு என்பது அவை வந்ததற்கு ஒரு காரணம். மற்றொன்று விமானத் தளம். சில்லு கைப்பிடியில் அடங்கும் சரக்கு. அதற்குக் கப்பல் வேண்டா. 1935இல் அமைந்து, 1941இல் ஜப்பானியர் வசமான அதே பாயான் லெப்பாஸ் தளத்திலிருந்து சில்லுப் பெட்டிகள் பறந்தன. பட்டாளத்தார் விட்டுச்சென்ற மின்டன் பாசறையில் பல்கலைக்கழகம் குடிபுகுந்ததும் இக்காலத்ததே.

அந்நாளைய வேலையின் நுட்பம் எழுதிவைக்கத் தக்கது. அமெரிக்காவில் உருவான சிலிக்கன் துண்டு இங்கு ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டப்படும். துண்டின் விளிம்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் சட்டத்தின் ஒவ்வொரு காலோடும், தலைமுடியினும் மெலிந்த தங்கக் கம்பியால் இணைக்கவேண்டும். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஒரு கையால் துண்டை நகர்த்தி, கம்பியின் முனையைப் புள்ளியில் வைத்து, வெப்பமும் அழுத்தமும் அளவாகத் தந்து பற்றவைப்பர். மூச்சின் அசைவும் பிழையாகும். இதனைச் செய்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்து மலாய்ப் பெண்களோடு சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அடுத்தடுத்து அமர்ந்தனர். இரவுப் பணிக்குப் பெண்ணை அனுப்புவதா என்று தயங்கிய வீடுகளில் அவள் கொணர்ந்த சம்பளமே தம்பியின் பள்ளிக் கட்டணமாயிற்று. கண்வலியும் தலைவலியும் அச்சம்பளத்தோடு வந்தவை. இத்தகைய திறனை 'எளிய வேலை' என்று ஏட்டில் பதிந்தவர்கள் ஒருநாளேனும் அந்நாற்காலியில் அமர்ந்திருப்பரோ?

அதே 1972ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் வட வியட்நாமின் தான் ஹோவா பாலம் வீழ்ந்தது. 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை அமெரிக்க விமானங்கள் தாக்கியும் சாயாத பாலம் அது. அதனைச் சாய்த்தவை லேசர் ஒளியைப் பின்பற்றிச் சென்ற குண்டுகள். குண்டுக்குக் கண் கொடுத்தது மின்னணுவியல். அக்குண்டுகளின் உறுப்புகள் பாயானில் செய்தவையல்ல. இங்கே தொழிற்சாலைகள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. எனினும் சில்லு இல்லாது இனிப் போரில்லை என்பது அன்றே புலனாயிற்று. எட்டிய தொலைவில் அப்போர் நடக்க, அதன் நெருப்பு பரவாதிருக்கத் தென்கிழக்காசியாவில் வேலையும் முதலீடும் பெருகவேண்டுமென வாஷிங்டன் விரும்பிற்று.

1980களில் தானியங்கிப் பொறிகள் வந்தன. முன்பு கம்பி இணைத்தவள் இப்போது பல பொறிகளைக் கண்காணித்தாள். விரலின் இடத்தைப் பொறியைப் பழுதுபார்ப்பவனின் அறிவு பற்றிக்கொண்டது. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அச்சுகளையும் பிடிப்பான்களையும் கடைந்து கொடுத்த உள்ளூர்ப் பட்டறைகள் வளர்ந்தன. கடைசல் பொறியில் நூலிழை பிசகாது உலோகம் சீவத் தெரிந்தவனுக்கு மதிப்பு வந்தது. அத்தகையோர் போதாமையால் 1989இல் அரசும் நிறுவனங்களும் கல்வியாளரும் கூடிப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினர். போட்டியிடும் நிறுவனங்களின் ஆட்கள் ஒரே வகுப்பில் ஒரே பொறியிற் பயின்றனர். தொழிலாளரின் குரலுக்கோ அத்துணை விரைவில் வழி கிட்டவில்லை. 1985ஆம் ஆண்டு மந்தத்தில் ஆட்குறைப்பு நேர்ந்தபோது மின்னணுத் தொழிலாளர்க்குச் சங்கமே இல்லை. 1988இல் இசைவு கிடைத்தும், அது அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கத்துக்கே வாய்த்தது.

2022 அக்டோபரில் உயர்திறச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. படைவலியை முன்னிட்டே அத்தடை என்று வெளிப்படையாகக் கூறப்பட்டது. இரு வல்லரசுகளின் பூசலில் இருபுறத்து முதலீடும் பினாங்கை நோக்கித் திரும்பியது. இன்டெல் அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், மூவாயிரம் கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்திருந்தது. உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுவதாகக் கணிக்கின்றனர். 2024 மே திங்களில் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம் அறுபதாயிரம் திறன்மிகு பொறியாளரைப் பயிற்றுவிக்க இலக்கு வகுத்தது. பாயான் பாருவுக்கு அண்மையில் சுங்கை ஆராவில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. அங்கே அறிவியலும் கணக்கும் பயிலும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த அறுபதாயிரத்துள் இடம்பெறுவர் என்பது இனி எழுதவேண்டிய பக்கம்.