லெட் தி ரைட் ஒன் இன்: பார்வையாளர் எதிர்வினைகள்

'லெட் தி ரைட் ஒன் இன்' 2008இல் வெளிவந்த ஸ்வீடிய மொழித் திரைப்படம். சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகும் பன்னிரண்டு வயது ஓஸ்காருக்கும், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஏலி என்ற இரத்தக்காட்டேரிக்கும் இடையே வளரும் நட்பே கதை. பார்வைக்கு ஏலிக்கும் பன்னிரண்டு வயதுதான். அந்த வயதிலேயே நெடுங்காலமாக நின்றுவிட்ட உடல். யோன் ஐவிடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் வெளியிட்ட தம் நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுத, தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கினார்.

இந்த நூற்றாண்டின் பேய்ப்படங்களில் இந்த அளவுக்குப் பாராட்டும் சச்சரவும் ஒருசேரப் பெற்றவை குறைவு. ஒரே முடிவைப் பார்த்துவிட்டு ஒருவர் காதல் என்கிறார். இன்னொருவர் வஞ்சகம் என்கிறார். மூன்றாமவர் பொறுமை போய்விட்டது என்கிறார். நாவலில் இருந்த விளக்கங்கள் பலவற்றைத் திரைக்கதை வேண்டுமென்றே விட்டுவிட்டதுதான் இதற்கு முதன்மைக் காரணம். விடப்பட்ட இடங்களைப் பார்வையாளர்கள் தங்கள் ஊர் வழக்கத்தையும் அதுவரை பார்த்த படங்களையும் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள்.

படமும் அதன் வரவேற்பும்

கதை நடப்பது 1980களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோமின் மேற்குப் புறநகரான பிளாக்கெபெர்க்கில். லிண்ட்க்விஸ்ட் வளர்ந்த இடமும் அதுவே. ஆனால் பனி குறையாமல் கிடக்க வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பின் பெரும்பகுதி வடக்கே லூலியோ நகரில் நடந்தது. பின்னாளில் 'இன்டர்ஸ்டெல்லார்', 'ஓப்பன்ஹைமர்' படங்களால் புகழடைந்த ஹோய்ட்டே வான் ஹோய்ட்டெமா ஒளிப்பதிவு செய்தார். ஓஸ்காராகக் கோரே ஹெடெப்ராண்டும் ஏலியாக லீனா லியாண்டர்சனும் நடித்தனர். இருவரையும் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. பெண்மை குறைந்த குரல் தேவைப்பட்டதால், ஏலிக்கு எலிஃப் ஜெய்லான் என்பவர் பின்னணிக் குரல் கொடுத்தார். தாழ்ந்து ஒலிக்கும் அந்தக் குரலைக் கேட்டவுடனேயே, இது சாதாரணச் சிறுமி அல்ல என்ற ஐயம் பார்ப்பவருக்குள் நுழைந்துவிடுகிறது.

2008 ஜனவரியில் கோத்தன்பர்க் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட படம், அதே ஆண்டு நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் சிறந்த கதைப்படத்துக்கான விருதை வென்றது. ஸ்வீடனின் குல்ட்பாகே விருதுகளில் இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு உள்ளிட்ட பிரிவுகளில் பரிசு பெற்றது. ஆனால் அவ்வாண்டு ஆஸ்கருக்கு ஸ்வீடன் அனுப்பியது இதை அல்ல, யான் ட்ரோயலின் 'எவர்லாஸ்டிங் மொமென்ட்ஸ்' படத்தை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். இரத்தக்காட்டேரி என்ற பொருளை முழு அக்கறையோடு அணுகியதே அவரைக் கவர்ந்தது.

வெளியான வேளையும் கவனிக்கத்தக்கது. 2008 அக்டோபர் இறுதியில் இது திரையரங்குகளுக்கு வந்தது. நவம்பரில் 'ட்வைலைட்' வெளியானது. இரண்டிலும் மனிதப் பிறவிக்கும் இரத்தக்காட்டேரிக்கும் இடையேயான பற்று உண்டு என்பதால் ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிவிட்டது. 'ட்வைலைட்' மீது எரிச்சல் கொண்டவர்கள் இப்படத்தை ஆயுதமாகத் தூக்கினார்கள். அந்த ஆரவாரத்தை நம்பிப் பார்க்க வந்த சிலர், இவ்வளவு புகழுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டார்கள்.

மெதுவா, நிதானமா

எதிர்மறை விமர்சனங்களில் அடிக்கடி எழும் குறை, படம் நகரவே இல்லை என்பது. தொடக்கத்தில் வரும் கொலைக் காட்சியைப் பார்த்தாலே கருத்து வேறுபாட்டின் வேர் தெரியும். ஏலியோடு வாழும் ஹோகன் என்ற முதியவர் ஓர் இளைஞனை மயக்கி, காட்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, புனல் வைத்து பிளாஸ்டிக் கேனில் இரத்தம் பிடிக்கிறார். கேமரா தள்ளி நின்றே பார்க்கிறது. அப்போது ஒரு வெள்ளை பூடில் நாய் வந்து எதிரே நின்று அவரையே உற்றுப் பார்க்கிறது. விரட்டினாலும் போவதில்லை. நாயைத் தேடி ஆட்கள் வர, கேனை விட்டுவிட்டு ஹோகன் ஓடுகிறார். இசையால் அதிரவைத்து, திடீரென்று எதையாவது பாய்ச்சும் படங்களுக்குப் பழகியவர்களுக்கு இது அச்சமும் தரவில்லை, சிரிப்பும் தரவில்லை. கொலை என்பது ஒரு களைத்த மனிதரின் அன்றாட வேலையாகிவிட்டதை அந்தத் தூரத்திலிருந்து கண்டுகொண்டவர்களுக்கோ இதைவிடக் கொடிய தொடக்கம் வேண்டியதில்லை. பின்னவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. அந்த நிதானம் இல்லாவிட்டால் ஓஸ்காரின் தனிமை வெறும் செய்தியாகவே நின்றிருக்கும்.

அப்பாவின் விருந்தாளி

நாடு மாறினால் பொருள் எப்படி மாறும் என்பதற்கு இப்படத்தின் மிகத் தெளிவான சான்று ஒரு சின்னக் காட்சி. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். ஓஸ்கார் நாட்டுப்புறத்தில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறான். பனியில் விளையாட்டு, சிரிப்பு, பிறகு மேசையில் இருவரும் கட்டம் போட்டு ஆடுகிறார்கள். கதவு தட்டப்படுகிறது. ஒரு நண்பர் வருகிறார், உட்காருகிறார், மேசைக்கு மது வருகிறது. அப்பாவின் கவனம் மகனை விட்டு நகர்ந்துவிடுகிறது. ஓஸ்காரின் முகம் இறுகுகிறது. அவன் அங்கிருந்து கிளம்பிவிடுகிறான். இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஸ்வீடனுக்கு வெளியே, குறிப்பாக அமெரிக்காவில், பலர் இதைப் பார்த்து அப்பா தன்பாலின ஈர்ப்பாளர், வந்தவர் அவருடைய துணை, பெற்றோர் பிரிந்ததற்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்டினார்கள். ஸ்வீடியப் பார்வையாளர்களுக்கு இந்தக் குழப்பம் எழவில்லை. அவர்கள் கண்டது குடிநோயாளித் தந்தையை. கடுமையான மதுவகைகளைச் சில்லறையில் விற்கும் உரிமை பெரும்பாலும் அரசு நிறுவனம் ஒன்றிடமே உள்ள நாடு அது. குடிப்பழக்கம் குடும்பங்களுக்குள் என்ன செய்யும் என்பது அங்கே நெடுங்காலப் பொதுப் பேச்சு. பாட்டில் மேசைக்கு வந்ததுமே, அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பையனைப் போலவே அவர்களுக்கும் தெரியும். நாவலும் இதைத்தான் ஐயமின்றிச் சொல்கிறது.

ஆகவே தன்பாலின வாசிப்பு தவறு. ஆனால் அப்படி வாசித்தவர்களைக் கவனமற்றவர்கள் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. இருவரின் பார்வைப் பரிமாற்றத்தை நீட்டிக் காட்டி, உரையாடலை மிகவும் குறைத்தால், காட்சியைத் திறக்கும் சாவி ஊர் வழக்கத்தை அறிந்தவர் கையில் மட்டுமே இருக்கும். இரண்டு வாசிப்பிலும் மாறாத ஒன்று உண்டு: பெரியவர்களின் உலகில் தனக்கு இடமில்லை என்று ஒரு குழந்தை அறிந்துகொள்ளும் கணம். அதை எல்லா நாட்டினரும் கண்டுகொண்டார்கள்.

ஏலி யார், ஹோகன் யார்

தான் பெண்ணாக இல்லாவிட்டாலும் தன்னைப் பிடிக்குமா என்று ஏலி ஓஸ்காரிடம் கேட்கும் இடம் உண்டு. தான் மனிதப் பிறவி அல்ல என்பதைத்தான் ஏலி சொல்கிறாள் என்று பெரும்பாலோர் எடுத்துக்கொண்டனர். பிறகு ஏலி உடை மாற்றுவதை ஓஸ்கார் கதவிடுக்கில் பார்க்கும்போது, உடலில் உள்ள ஒரு வடு சில நொடிகள் தெரிந்து மறைகிறது. நாவலில் ஏலி, பல தலைமுறைகளுக்கு முன் கொடூரமாக விதையடிக்கப்பட்ட ஏலியாஸ் என்ற சிறுவன். நாவலைப் படிக்காதவர்களில் சிலர் அந்த நொடிகளைத் தவறவிட்டனர். சிலர் பார்த்தும் புரியாமல் தவித்தனர். சிறுவர் உடலை அப்படிக் காட்டியதே தேவையற்றது என்று கண்டித்தவர்களும் உண்டு. அந்தக் கண்டனத்தில் வலு இருக்கிறது. ஏலியின் கேள்வியே போதுமான அளவு சொல்லிவிட்டது.

இதைவிடப் பெரிய விவாதம் ஹோகனைப் பற்றியது. நாவலில் அவர் சிறார்மீது பாலியல் நாட்டம் கொண்ட முன்னாள் ஆசிரியர். படம் அந்த வரலாற்றை முழுவதும் நீக்கிவிட்டது. மீதமிருப்பது, ஏலிக்காகக் கொலை செய்து, பிடிபட்டால் தன் முகம் ஏலியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அமிலத்தை ஊற்றிக்கொள்ளும் ஒரு முதியவர். எனவே பார்வையாளர்களில் ஒரு பெரும் பிரிவினர், ஹோகனும் ஒரு காலத்தில் ஓஸ்காரைப் போன்ற சிறுவனாக இருந்தவர், இனி அந்த வேலை ஓஸ்காருக்கு என்று வாசித்தனர். அப்படிப் பார்த்தால், பெட்டிக்குள் ஏலி இருக்க, இருவரும் மோர்ஸ் குறியீட்டில் தட்டிப் பேசிக்கொள்ளும் இறுதி ரயில் பயணம் ஓர் அடிமை வாழ்வின் தொடக்கம். மற்றவர்களுக்கு அது விடுதலை. அடிமை வாழ்வு என்ற வாசிப்பு லிண்ட்க்விஸ்டுக்கு ஏற்பில்லை. 'லெட் தி ஓல்ட் ட்ரீம்ஸ் டை' என்ற சிறுகதையில், இருவருக்கும் அவர் வேறொரு எதிர்காலத்தைக் காட்டினார்.

மாட் ரீவ்ஸ் 2010இல் இயக்கிய அமெரிக்க மறுஆக்கமான 'லெட் மீ இன்' எதிர்த்திசையில் போயிற்று. கதை நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் நகருக்கு மாற்றப்பட்டது. முதியவர் சிறுவனாக இருந்தபோது அந்தச் 'சிறுமி'யோடு எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி, ஐயத்தை உறுதியாக்கிவிட்டது. எழுத்தாளர் ஸ்டீவன் கிங் அதை இருபது ஆண்டுகளில் வந்த சிறந்த அமெரிக்கத் திகில் படம் என்று புகழ்ந்தார். நேர்த்தியான படம்தான். ஆனாலும் அந்த ஒரு புகைப்படத்தால் பார்வையாளர் முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று அவரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

பூனைகளும் நீச்சல் குளமும்

படத்தை நேசிப்பவர்களும் தயங்கும் ஒரு காட்சி, ஏலியிடம் கடிபட்ட விர்ஜீனியா என்ற பெண் மீது ஒரு வீடு நிறைந்த பூனைகள் பாய்வது. உண்மைப் பூனைகள், பொம்மைகள், கணினி வரைகலை மூன்றும் கலந்து எடுக்கப்பட்டது. வரைகலை துருத்தித் தெரிவதால் பல அரங்குகளில் சிரிப்பே எழுந்தது. அடங்கிய தொனியில் செல்லும் படத்தில் இது ஒரு தோல்வி.

நீச்சல் குளத்தில் நடக்கும் உச்சக்காட்சி அப்படியல்ல. கொடுமைக்காரப் பையன்கள் ஓஸ்காரின் தலையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்திருக்கிறார்கள். ஏலி வந்து அவர்களைத் தாக்கும்போதும் கேமரா நீருக்குள்ளேயே இருக்கிறது. மேலிருந்து மங்கிய ஓசை, நீரைக் கிழித்துக்கொண்டு இழுபடும் கால்கள், பிறகு பிடியைத் தளர்த்திச் சாயும் துண்டான கை. பல பார்வையாளர்கள் கைதட்டினார்கள். இறந்தவர்கள் பிள்ளைகள் அல்லவா என்று கலங்கியவர்களும் இருந்தார்கள். பள்ளியில் தாமும் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கும் ஆல்ஃப்ரெட்சன், கைதட்டலுக்கு வசதியாகக் காட்சியை முடிக்கவில்லை. கொடுமைக்காரர்களில் ஒருவன் உயிரோடு விடப்பட்டு, குளத்தோரப் பலகையில் அமர்ந்து முகத்தை மூடித் தேம்பி அழுகிறான். பழிவாங்கலைக் கொண்டாடியவர்களின் பேச்சில் இந்தப் பையன் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

துணைத்தலைப்புச் சர்ச்சை

2009இல் அமெரிக்காவில் வெளியான டிவிடியில், திரையரங்கில் இருந்த ஆங்கிலத் துணைத்தலைப்புகளுக்குப் பதிலாக எளிமையாக்கப்பட்ட வேறு துணைத்தலைப்புகள் இருந்தன. பல வசனங்கள் சுருங்கிவிட்டன. சில காணாமலே போயின. குறைவாகப் பேசும் படத்தில் ஒரு வரி போனாலும் ஓர் உறவின் சாயல் போய்விடும் என்று ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். விநியோகஸ்தர் இறங்கிவந்து, பின்னர் அச்சிட்ட பிரதிகளில் திரையரங்குத் துணைத்தலைப்புகளையே சேர்த்தார். வீட்டில் பார்த்தவர்களில் சிலருக்குப் படம் வறண்டதாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

நாவல் பின்னர் மேடைக்கும் போயிற்று. ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்பு 2013இல் அரங்கேற்றிய வடிவம் அவற்றில் பெயர்பெற்றது. 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, ஒரு பருவத்தோடு நின்றது.

முக்கிய வேடங்களில் குழந்தைகள் நடித்திருந்தாலும் இது குழந்தைகளுக்கான படம் அல்ல. பிரிட்டனில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான சான்றிதழ் பெற்றது. பார்க்க விரும்புவோர் ஆங்கிலக் குரல் மாற்றத்தைத் தவிர்த்து, ஸ்வீடிய ஒலியோடும் முழுமையான துணைத்தலைப்புகளோடும் பாருங்கள். நாவலை அதன் பிறகு படியுங்கள்.