படியிறங்க இயலாத மனிதரின் கடிதம்

1862ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் வாழ்ந்த முதியவர் ஒருவர் தம் இல்லத்து மாடிப்படிகளில் முன்னோக்கி இறங்க அஞ்சினார். பின்புறமாகத் திரும்பி நின்று, ஒவ்வொரு படியாக, மெல்ல மெல்ல இறங்குவதே அவர் வழக்கமாயிற்று. குனிந்து தம் சப்பாத்தின் கயிற்றைக் கட்டுவதும் அவரால் இயலவில்லை. வீதியிற் சென்றால் ஏளனச் சொற்கள் செவியில் விழும். ஆதலின் பொது இடங்களுக்குச் செல்வதையே அவர் தவிர்த்து வந்தார். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவருடைய நிறை 202 இறாத்தல்.

அவர் பெயர் வில்லியம் பாண்டிங். இறந்தோரின் இறுதி ஊர்வலங்களை ஒழுங்குசெய்து கொடுப்பது அவர் குடும்பத்தின் தொழில். அரச குடும்பத்தாரும் அவர்களையே நாடினர். 1852இல் வெலிங்டன் பிரபுவின் பெரும் இறுதி ஊர்வலத்தை ஒழுங்குசெய்ததும் அந்நிறுவனமே. பொருளுக்கோ மதிப்புக்கோ குறைவில்லாத அம்மனிதருக்குத் தம் உடலே சுமையாயிற்று.

அவர் வாளாவிருந்தவரல்லர். உடற்பயிற்சி வேண்டுமென்று வைத்தியர் கூற, நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசைகள் உரம்பெற்றன, பசியும் உடன் பெருகிற்று, நிறை முன்னிலும் கூடிற்று. பயிற்சியைக் கூறியவரே அதனைக் கைவிடச் சொன்னார். கடற்காற்று, ஊற்று நீர், துருக்கிய நீராவிக் குளியல், மருந்து வகைகள் அனைத்தையும் முயன்றார். பயன் சிறிதே. அக்காலத்து வைத்தியர் பலர் உடற்பருமனை ஒரு நோயாகவே எண்ணவில்லை. முதுமையோடு இயல்பாக வருவதென்று கூறி அமைந்தனர்.

இறுதியில் அவருக்கு வழி திறந்தது செவியினாலேயே. கேள்விப்புலன் மங்கத் தொடங்கவே, 1862 ஆகஸ்ட் மாதத்தில் செவிநோய்ச் சத்திரவைத்தியரான வில்லியம் ஹார்வியைக் கண்டார். (இரத்தவோட்டத்தை விளக்கிய புகழ்பெற்ற ஹார்வி 1657இல் மறைந்தவர், இவர் வேறு.) செவியைச் சோதித்த ஹார்வி, குறை செவியிலன்று, அதனைச் சூழ்ந்து நெருக்கும் கொழுப்பிலேயே என்று கருதினார்.

ஒரு செவி வைத்தியருக்கு உணவைப் பற்றிய சிந்தனை எங்ஙனம் வந்தது? ஹார்வி 1856இல் பாரிஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, குளோட் பேர்ணாட் என்னும் பிரெஞ்சு அறிஞரின் கருத்துகள் பற்றிய விவாதமொன்றைக் கேட்டிருந்தார். உணவைச் செரிக்கச் செய்யும் பித்தநீரைச் சுரப்பதோடு ஈரலின் பணி முடிவதில்லை, வெல்லப் பொருளையும் அதுவே ஆக்குகிறது என்பது பேர்ணாட் கண்ட உண்மை. நீரிழிவு நோயாளருக்கு மாப்பொருளை விலக்கி, இறைச்சியை முதன்மையாக அளிக்கும் முறையோ ஏற்கெனவே இருந்தது; ஜோன் ரோலோ என்ற படை வைத்தியர் 1797இலேயே அதனை நூலாக வெளியிட்டிருந்தார். மாவும் சீனியும் கொடுத்துக் கால்நடைகளைக் கொழுக்கச் செய்வதை உழவர் யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் இணைத்துப் பார்த்த ஹார்வி, அவ்வுணவு முறை பருமனையும் குறைக்கக் கூடுமன்றோ என எண்ணினார்.

பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்குமாறு அவர் பணித்தார். பாண்டிங்குக்கு இது வியப்பளித்தது. தீங்கற்றவையென்று நம்பி அதுகாறும் நாள்தோறும் உண்டு வந்தவை அவையே. காலையில் நான்கைந்து அவுன்சு இறைச்சி அல்லது வாட்டிய மீன், பாலும் சீனியுமற்ற தேநீர், ஓர் அவுன்சு வாட்டிய பாண். நண்பகலில் மீனும் இறைச்சியும், உருளைக்கிழங்கு நீங்கலான மரக்கறிகளும். மாலையிற் சிறிது பழம். இரவில் மீண்டும் மூன்று நான்கு அவுன்சு இறைச்சி அல்லது மீன். இவற்றோடு நாள்தோறும் பல கிண்ணம் வைனும் அனுமதிக்கப்பட்டது. அப்பகுதியை இன்றைய வைத்தியர் எவரும் ஏற்கமாட்டார்.

நிறை வாரத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் வீதம் இறங்கிற்று. வணிகர் கணக்கெழுதுவதுபோல அவர் அதனைத் தேதியிட்டுக் குறித்து வைத்தார். 1863 செப்டெம்பரில் நிறை 156 இறாத்தல். குறைந்தது 46 இறாத்தல். இடைச் சுற்றளவில் குறைந்தது பன்னிரண்டேகால் அங்குலம். படிகளில் முன்னோக்கியே இறங்கினார், செவியும் தெளிந்தது.

1863 மே மாதத்தில், முயற்சி முற்றுப்பெறுமுன்னரே, உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்ற சிறு நூலைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். விளம்பரமென்று பழி வருமோ என்றஞ்சி, ஹார்வியின் பெயரை முதற் பதிப்பில் மறைத்துப் பின்னரே வெளியிட்டார். தம்மைப் பார்த்து எல்லோரும் இம்முறையில் உடனே இறங்கிவிட வேண்டாம், வைத்தியரைக் கலந்தே செய்க என்றும் எழுதினார். நூல் விற்பனைக்கு வந்தபின் கிடைத்த ஆதாயத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார்.

நூல் பல்லாயிரக்கணக்கில் பரவிற்று. வைத்திய ஏடுகளோ சினந்தன. இதிற் புதுமை ஏதுமில்லை என்றன. வைத்தியம் கல்லாதவர் வைத்தியம் எழுதலாகாதென்றும் கடிந்துரைத்தன. புதுமையில்லை என்ற கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அறிந்திருந்தவர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தம்மை நாடி வந்த ஒருவருக்கு அதனை ஏன் கூறவில்லை என்பதற்கு அவ்வேடுகளில் விடையில்லை. அவர்கள் கூர்ந்து நோக்கியிருக்க வேண்டிய குறையொன்று அந்நூலிலேயே இருந்தது. விலக்கப்பட்டவற்றில் மாப்பொருளும் வெல்லமும் உண்டென்பதே ஹார்வி கூறிய காரணம். வெண்ணெயிலோ அவ்விரண்டும் இல்லையென்றே கூறலாம். விளைவு மெய், விளக்கம் முழுதும் பொருந்தவில்லை. உடல் மெலிந்தது மாப்பொருள் குறைந்தமையாலா, மொத்த உணவு குறைந்தமையாலா என்பதை ஒரு மனிதரின் கணக்கைக்கொண்டு துணிய முடியாது.

அவ்வினாவை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 609 பேரைக்கொண்டு ஓராண்டு ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினர் மாப்பொருளையும் மறு பகுதியினர் கொழுப்பையும் குறைத்தனர். சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து, மரக்கறிகளையும் பதப்படுத்தாத புதிய உணவுகளையும் உண்ணுமாறு இரு சாராருக்கும் கூறப்பட்டது. முதற் பகுதியினருக்குச் சராசரியாக 6 கிலோகிராமும், மற்றையோருக்கு 5.3 கிலோகிராமும் குறைந்தன, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சோறின்றி உணவில்லை என்றெண்ணும் நம்மவர்க்கு இச்செய்தி ஓரளவு ஆறுதலாகலாம். ஆயினும் அங்கே இரு சாராரும் கைவிட்ட சீனி நம் தேநீர்க் கோப்பையில் எத்தனை கரண்டி என்பது வேறு கணக்கு.

பாண்டிங் 1878இல், தம் 81ஆம் வயதிற் காலமானார். ஆங்கிலத்தில் அவர் பெயர் சிலகாலம் மெலிவதற்காக உணவைக் குறைத்தல் என்ற பொருளில் வினைச்சொல்லாக வழங்கிப் பின் அருகிற்று. சுவீடன் நாட்டு மொழியிலோ 'பாண்டா' என்னும் அச்சொல் இன்றும் அன்றாட வழக்கிலுள்ளது. அது ஒரு சவப்பெட்டி வணிகரின் பெயரென்பதை அங்கே அதனைக் கூறுவோருட் பலர் நினைப்பதில்லை.