மாலை வகுப்பில் மேல்நாட்டு வரலாறு

1901ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஆறு மாணவரோடு ஒரு புதிய கல்லூரி தொடங்கிற்று. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளி அதிபர் ஸ்டான்லி பிரவுணும் வகுத்த திட்டம் அது. வெளியூர் சென்று படிக்க வசதியற்ற இளைஞர், பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளைத் தம் ஊரிலிருந்தே கற்றல் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு, 1947இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய கல்லூரிகளைப் பெருக்குமாறு பரிந்துரைத்தது. அதன் பின்னரே சமூகக் கல்லூரி என்னும் பெயர் பெருவழக்காயிற்று.

பகலெல்லாம் தொழில் செய்வோரும், பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரும், படைச்சேவையிலிருந்து மீண்டோரும் இக்கல்லூரிகளின் மாலை வகுப்புகளை நாடுகின்றனர். தாதித்தொழிலும் கணக்கியலும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கப்படும் அதே இடத்தில், 1500 முதல் 1800 வரையான ஐரோப்பிய வரலாறும் கற்பிக்கப்படுகின்றது. இயந்திரம் திருத்துவோனுக்கு லூதரின் வரலாறு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்குரிய விடை அவ்வரலாற்றினுள்ளேயே அமைந்து கிடக்கின்றது.

ஏறத்தாழ 1455இல் மைன்ஸ் நகரில் கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியம் இலத்தீன் மொழியிலானது. கற்றோர்க்கன்றிப் பிறர்க்கு அது விளங்காது. 1522இல் மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். 1526இல் வில்லியம் டின்டேல் அதனை ஆங்கிலத்தில் அச்சிட்டார். சமயப் பகைவரெனத் தீர்ப்பளிக்கப்பட்ட டின்டேல், 1536இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவர்தம் உடல் எரியூட்டப்பட்டது. பொதுமக்கள் தம் மொழியில் ஒரு நூலைப் படித்தற்குக் கொடுத்த விலை அத்துணைப் பெரிது!

இலண்டன் வணிகர் தோமஸ் கிரெஷாம் 1579இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த மரணசாசனத்தின்படி, 1597இல் கிரெஷாம் கல்லூரி தோன்றிற்று. வானியல், கேத்திரகணிதம், மருத்துவம், சட்டம் முதலிய ஏழு துறைகளில் ஏழு பேராசிரியர் கட்டணமின்றி விரிவுரையாற்றினர். இலத்தீனோடு ஆங்கிலத்திலும் அவை நிகழ்ந்தமையால், நகரமக்களும் கேட்டுப் பயன்பெற்றனர். ஜோலியட் கல்லூரி தோன்றுதற்கு முந்நூறு ஆண்டுகளின் முன்னரே அவ்வெண்ணம் முளைவிட்டிருந்தது.

எனினும் அக்காலம் முற்றும் ஒளிமயமானதன்று. பெண்களுக்குப் பல்கலைக்கழக வாயில் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்ததும், 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் அவ்வரலாற்றின் பகுதிகளே. ஆதலால் மேல்நாட்டு வரலாறு மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று.

நல்லாசிரியர் அவ்வகுப்பில் ஆண்டுகளை மனனஞ்செய்விப்பதோடு அமையார். ஒரு பழைய கடிதத்தையோ கட்டளையையோ கொடுத்து, இதனை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதனை மறைத்தார் என வினவுவார். அவ்வாறு வினவப் பழகியவன் நாளைய செய்தித்தாளையும் அவ்வண்ணமே படிப்பான். தொழிற்கல்வி அவனுக்கு ஊதியம் தேடித் தரும். வரலாற்றுக் கல்வியோ, பிறர் சொல்லைத் தானே நிறுத்துப் பார்க்கும் ஆற்றலைத் தரும். இரண்டும் ஒரே கூரையின்கீழ் எளியோர்க்குக் கிடைத்தலே சமூகக் கல்லூரியின் சிறப்பாகும்.