கொடிமலை, பினாங்கு

பினாங்குத் தீவின் நடுவே 833 மீட்டர் உயரம் வரை எழும் மலைத்தொகுதி. மலாயில் புக்கிட் பெண்டேரா என்பர். தென்கிழக்காசியாவில் ஆங்கிலேயர் அமைத்த மிகப் பழைய மலைவாசத்தலம் இதுவே.

மலேசியாவில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும்தான். ஆனாலும் குளிர்ச்சி தேடி மலையேறும் வழக்கம் இங்கே உதகமண்டலத்துக்கும் முந்தியது. 1786 ஆகஸ்டில் தீவைக் கைப்பற்றிய பிரான்சிஸ் லைட், சில ஆண்டுகளிலேயே ஸ்ட்ராபெரி பயிரிட மலைக்குக் குதிரைப்பாதை வெட்டினார். அந்த இடத்துக்கு ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பின்னர் உச்சியில் பங்களாக்கள் எழுந்தன. கவர்னர் மாளிகைக்கருகே நின்ற கொடிக்கம்பமே மலைக்குப் பெயரானது.

அதிகாரிகள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலியைச் சுமந்தவர்களும் சிப்பாய்களும் 1800களில் எழுப்பிய சிறு வழிபாட்டிடமே உச்சியிலுள்ள அருளொளி திருமுருகன் ஆலயம் என்பது கோயில் வரலாறு. இம்மலையின் பழமையைச் சொல்லும்போது பங்களாக்களுக்கு முன்பாகவே இக்கோயிலைச் சொல்ல வேண்டும்.

மலையை எல்லோருக்கும் திறந்துவிட்டது ரயில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில் அமைந்த கம்பிவட இழுவை ரயில் 1923இல் பயணிகளை ஏற்றி, 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பாதை. சரிவுக்கேற்பப் படிப்படியாக அமைந்த மரப்பெட்டியில் ஏறி, நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. உச்சியை எட்ட அரைமணி நேரமானது. காதடைக்கும், காற்று சில்லிடும், ஜன்னலோரப் பெரணிகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். 2011இல் வந்த புதிய பெட்டிகள் நூறு பேரை இடையில் மாறாமல் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகின்றன. வசதி கூடியது உண்மை. அந்த நிதானம் போனது இழப்புத்தான்.

தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் பாரு, 1972இல் உருவான பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டி பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைத்த புதுநகர். மலாயில் ‘பாரு’ என்றாலே புதியது. அங்கே ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையில் செலவு குறைந்த சுற்றுலா கொடிமலைதான். பாயா தெருபோங் சாலை வழியே ஆயர் ஈத்தாம் போனால் அடிவார நிலையம் பக்கம்தான். மேலே வெப்பம் ஏறத்தாழ 5 பாகை குறைவு.

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியத் தலமானது. 2021 செப்டம்பரில் கொடிமலையும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. மலேசியாவில் இது மூன்றாவது. 2017 நவம்பர் பெருமழையில் மலைச்சாலை பல இடங்களில் சரிந்ததை நினைத்தால், அந்தக் காப்பு தேவையானதுதான்.

மேலே போகிறவர்கள் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், டோலி தூக்கியவர்கள் கும்பிட்ட முருகனையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.