29 ஆட்டம், 29 வெற்றி: 1970இல் கார்னெல் அணி செய்தது ஏன் இன்னும் பேசப்படுகிறது?

ஒரு பருவம் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட தோற்காமல், சமநிலைகூட காணாமல், கிண்ணத்தையும் வெல்ல முடியுமா?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசிய வெற்றியாளர் போட்டி 1948இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஆண்கள் முதல்நிலைப் பிரிவில் அதைச் செய்துகாட்டிய அணி ஒன்றே ஒன்றுதான். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம், 1970இல்.

அந்தச் சாதனைக்கு இப்போது 50 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அது எப்படி நடந்தது? அதை மீண்டும் செய்வது ஏன் இவ்வளவு கடினம்?

*முதலில், இது என்ன போட்டி?*

ஹாக்கி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது திடல் ஹாக்கி. ஐஸ் ஹாக்கி வேறு ரகம்.

- ஒரு பக்கத்துக்கு ஒரே நேரத்தில் 6 பேர் களத்தில் இருப்பார்கள், கோல்காப்பாளரையும் சேர்த்து.
- பந்து கிடையாது. ரப்பரால் ஆன தட்டையான வட்டு. அதன் பெயர் பக்.
- ஆட்டம் 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும்.

கல்லூரிப் போட்டியை நடத்துவது என்சிஏஏ எனப்படும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1970இல் நாட்டின் கிழக்கிலிருந்து இரண்டு அணிகள், மேற்கிலிருந்து இரண்டு அணிகள் என மொத்தம் நான்கே அணிகள்தான் அதில் விளையாடின. அரையிறுதி, அப்புறம் இறுதியாட்டம். ஒரு தடவை தோற்றால் கதை முடிந்தது. பருவம் முழுக்கச் சேர்த்த வெற்றிகள் எதுவும் அங்கே கைகொடுக்காது.

*நட்சத்திரம் போன பிறகு வந்த வெற்றி*

கார்னெல் அணியை உருவாக்கியவர் பயிற்றுவிப்பாளர் நெட் ஹார்க்னெஸ். கனடாவின் ஒட்டாவா நகரில் பிறந்தவர். 1954இல் ரென்சலர் கல்லூரி அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். பிறகு கார்னெலுக்கு வந்தார்.

கார்னெல் 'ஐவி லீக்' பல்கலைக்கழகம். அங்கே விளையாட்டுத் திறனுக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனாலும் ஹார்க்னெஸ் கனடாவிலிருந்து திறமையான இளையர்கள் பலரைக் கொண்டுவந்தார். 1967இல் கார்னெல் முதல்முறையாகத் தேசிய வெற்றியாளர் ஆனது.

அந்த அணியின் கோல்காப்பாளர் கென் டிரைடன். மூன்று பருவங்களில் அவர் ஆடியதில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. பின்னர் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியோடு 6 முறை ஸ்டான்லி கிண்ணம் வென்ற ஜாம்பவான் அவர்தான்.

ஆனால் பாருங்கள், டிரைடன் இருந்தபோது இந்த 'முழு வெற்றி' கிடைக்கவில்லை. 1969 இறுதியாட்டத்தில் கார்னெல் டென்வர் பல்கலைக்கழகத்திடம் 4-3 எனத் தோற்றது. அதோடு டிரைடன் பட்டம் பெற்று வெளியேறினார்.

அடுத்த பருவத்தில் கோல் வலை முன் நின்றவர் பிரையன் கிராப்பர். நெடிய உருவம் கொண்ட டிரைடனுக்கு நேர்மாறாக, மிகச் சிறிய உருவம். "இனி அவ்வளவுதான்" என்று யாராவது நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அந்தப் பருவம்தான் 29-0 ஆனது.

*லேக் பிளாசிட்டில் என்ன நடந்தது?*

1970 மார்ச் மாதம். இடம், நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள லேக் பிளாசிட். 1932 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த சிற்றூர்.

கார்னெல் அங்கே வந்தபோது தோல்வியே காணாத அணி. ஆனால் அசைக்க முடியாத அணி என்று சொல்லிவிட முடியாது. கிழக்கு வட்டார இறுதியாட்டத்தில் கிளார்க்சன் அணியை வென்றது 3-2 என்ற ஒரே கோல் வித்தியாசத்தில்தான்.

அரையிறுதியில் எதிரணி விஸ்கான்சின். தேசியப் போட்டிக்கு அது புதுமுகம். அங்கேயும் ஒரே கோல்தான் காப்பாற்றியது: 2-1.

இன்னொரு அரையிறுதியில் மிச்சிகன் டெக் அணியைத் தோற்கடித்து வந்தது, அதே கிளார்க்சன்.

மார்ச் 21, இறுதியாட்டம். இரண்டு பகுதிகள் முடிந்தபோது 3-3. 28 வெற்றிகளும் கடைசி 20 நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போது கைகொடுத்தவர் டேன் லோட்போவா. அவர் தற்காப்பு ஆட்டக்காரர். அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல் போட்டார்! ஆட்டம் 6-4 என முடிந்தது. போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

*கிளார்க்சனின் கதை தெரியுமா?*

தோற்ற அணிக்கும் இதில் ஒரு பழைய வலி உண்டு.

1955-56 பருவத்தில் கிளார்க்சன் 23 ஆட்டங்களிலும் வென்றது. 23-0. ஆனால் தேசியப் போட்டியில் அது விளையாடவே இல்லை.

காரணம், ஒரு விதிமுறை. முதலாம் ஆண்டிலேயே கல்லூரி அணிக்கு ஆடியவர்கள், நான்காம் ஆண்டில் தேசியப் போட்டியில் ஆடத் தகுதியில்லை. கிளார்க்சனின் மூத்த ஆட்டக்காரர்கள் அதில் சிக்கினார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக அணி விரும்பவில்லை. அழைப்பை மறுத்துவிட்டது.

ஆக, எல்லா ஆட்டங்களிலும் வென்றும் கிண்ணத்துக்கு மோதாத கல்லூரிதான், 14 ஆண்டு கழித்து, இன்னொரு கல்லூரியின் முழு வெற்றிக்குக் கடைசித் தடையாக நின்றது.

*வேறு யாரும் நெருங்கவில்லையா?*

நெருங்கினார்கள்.

மேய்ன் பல்கலைக்கழகம், 1992-93: 42 வெற்றி, 1 தோல்வி, 2 சமநிலை. இறுதியாட்டத்தில் 4-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதியில் ஜிம் மாண்ட்கோமரி மூன்று கோல் போட, 5-4 என வென்றது. லோட்போவா செய்த அதே வேலை! ஆனால் அந்த ஒரு தோல்வி கணக்கில் இருக்கத்தானே செய்கிறது.

மினசோட்டா மகளிர் அணி, 2012-13: 41 ஆட்டம், 41 வெற்றி, கூடவே தேசியப் பட்டம். 'கல்லூரி ஹாக்கியில் ஒரே முழு வெற்றி கார்னெலுடையது' என்று யாராவது சொன்னால், 'ஆண்கள் பிரிவில்' என்று திருத்துங்கள்.

*இன்று ஏன் இன்னும் கடினம்?*

- 2003 முதல் ஆண்கள் போட்டியில் 16 அணிகள். பட்டம் வெல்ல வரிசையாக 4 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 1970இல் 2 போதும்.
- பருவமும் நீண்டுவிட்டது. ஆட்டம் கூடக் கூட, சறுக்கும் வாய்ப்பும் கூடும்.
- ஐஸ் ஹாக்கியில் கோல்கள் குறைவு. பக் யார் காலிலாவது பட்டுத் திரும்பினாலே முடிவு மாறலாம். பலமான அணி எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

*அப்புறம் என்ன ஆனது?*

அந்த வெற்றியோடு ஹார்க்னெஸ் கல்லூரியை விட்டுக் கிளம்பினார். நிபுணத்துவ அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குப் பயிற்றுவிப்பாளர் ஆனார். அங்கே அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. முதல் பருவம் முடிவதற்குள் பயிற்றுவிப்பாளர் பொறுப்பு கைமாறியது.

கார்னெல் ஆண்கள் அணி அதன் பிறகு தேசியப் பட்டத்தை வெல்லவே இல்லை.

சரியாக 50 ஆண்டு கழித்து ஒரு வாய்ப்பு வந்தது. 2020 மார்ச்சில் 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலையோடு தேசியத் தரவரிசையில் கார்னெல் முதலிடத்தில் இருந்தது. அப்போதுதான் கொவிட்-19 வந்தது. போட்டியே ரத்து.

அந்த மாணவர்களைத் தோற்கடிக்க எதிரணிகூட வரவில்லை. 1956இல் கிளார்க்சனுக்குக் கிடைக்காத அதே ஒன்று அவர்களுக்கும் கிடைக்கவில்லை: மோதிப் பார்க்க ஒரு வாய்ப்பு.