மெழுகுதிரியும் வண்ணக் கண்ணாடியும்

மெழுகுதிரிக்குப் பெரும் பகை காற்று. நவம்பர் 2ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்வோர் அனைவரும் இதனை அறிவர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கமிருந்து ஈரக்காற்று எழுந்துவிட்டால் பெரும்பாக்கத்தில் ஒரு திரியும் நிலைத்து நின்றெரிவதில்லை. தேங்காய்ச் சிரட்டையை மறைவாக நிறுத்துவோர் உண்டு. இரண்டு செங்கற்களைக் கூட்டிவைப்போர் உண்டு. பிளாஸ்டிக் புட்டியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அது உருகிப்போக, மீண்டும் சிரட்டையைத் தேடுவோரும் உண்டு. மகனின் கல்லறையில் ஏற்றிய திரி மூன்றாம் முறையாக அணையும்போது ஒரு தாயின் முகம் எப்படி மாறும் என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் பல ஆண்டுகளாகக் காண்கின்றோம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துத் திரிக்கூண்டு செய்யும் கைவேலையை நாம் ஓய்வுநேரப் பழக்கமாக மேற்கொண்டது இத்தேவையின் பொருட்டே. செய்யத் தொடங்கியபின் இதன் வரலாற்றை அறியும் ஆவலும் மிகுந்தது. அறிந்தவற்றுள் சிலவற்றை வாசக அன்பர்களின் முன் வைக்கின்றோம்.

காற்றோடு திரி நடத்தும் போராட்டம் பழமையானது. 871 முதல் 899 வரை இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்பிரட் மன்னரின் வாழ்க்கையை எழுதிய ஆசர் என்னும் ஆயர், இதுபற்றிச் சுவையான செய்தி ஒன்றைப் பதிந்துள்ளார். மன்னர் தம் நாளின் பாதியை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்க விரும்பினார். ஆனால், மேகம் மூடிய அந்நாட்டில் நேரத்தை அளப்பது எப்படி? சம எடையுள்ள ஆறு மெழுகுதிரிகளைச் செய்வித்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குல நீளம். ஒன்று எரிய நான்கு மணி நேரம். ஆறும் எரிந்து முடிந்தால் ஒரு நாள். புனிதர்களின் திருப்பண்டங்கள் முன் அவை இரவும் பகலும் எரிந்தன. எனினும் கதவு இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் கூடாரத் துணியிலும் புகுந்த காற்று, சில நாள்களில் அவற்றை உரிய நேரத்திற்கு முன்பே எரித்து முடித்தது. மன்னர் மரச்சட்டத்தில் மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவிப் பதித்து ஒரு கூண்டு செய்யச் சொன்னார். கண்ணாடி அரிதாயிருந்த காலம் அது. கொம்பின் வழியே ஒளி வெளியே கசிந்தது, காற்று உள்ளே புகவில்லை. நாம் செய்யும் திரிக்கூண்டின் மூதாதை அந்தக் கொம்புக் கூண்டுதான் எனலாம்.

கண்ணாடி மேல்நாட்டாரின் பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உரோமையரோடு வாணிகம் நடந்த அந்தத் துறைமுகம் கண்ணாடி மணிகளுக்கும் பேர் பெற்றது. உருகிய கண்ணாடியைக் குழலாக நீட்டி, பின் சிறு மணிகளாக நறுக்கும் அந்த நுட்பத்தால் உருவான மணிகள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைவரை கிடைக்கின்றன. இவற்றை ஆய்ந்த பீட்டர் பிரான்சிஸ் என்பார், இந்தோ பசிபிக் மணிகள் என்று இவற்றுக்குப் பெயரிட்டார். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி செய்யும் குடும்பங்களைக் கண்டு அவர் எழுதியுள்ளார். உலைக்குள் நீண்ட இரும்புக் குழாயில் கண்ணாடிப் பிழம்பைக் கூம்பாகச் சேர்த்து, மறுமுனையிலிருந்து கொக்கியால் பற்றி, கை தளராமல் இழுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். இழுக்கும் வேகமே குழலின் பருமனை முடிவு செய்யும்.

இத்தனை திறமை இருந்தும் நம் முன்னோர் சாளரத்திற்குக் கண்ணாடி போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்கு நம் எண்ணம் இது: குளிர்நாட்டானுக்கு ஒளி வேண்டும், காற்று வேண்டா, நமக்கோ காற்றே முதல் தேவை. பலகணி என்றும் காலதர் என்றும் பெயர் வைத்தவர்கள் நாம். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்றின் வழியைக் கண்ணாடியால் அடைக்க யார் நினைப்பார்?

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பாரிசுக்கு அருகில் புனித டெனிஸ் மடத்தின் தலைவர் சூகர், தம் ஆலயத்தின் பலிபீடப் பகுதியைப் புதுக்கி 1144இல் அர்ச்சித்தபோது, சுவர்களைக் குறைத்து வண்ணச் சாளரங்களை நிறைத்தார். அவற்றைப் பழுது பார்த்துப் பேணுவதற்கென்றே ஒரு கைவினைஞரை நிலையாக அமர்த்தினார் என்பது நம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி. ஆலயம் கட்டப் பணம் திரட்டும் நாம், அதைப் பேணுவதற்கு ஒருவரை நியமிப்பது அரிதல்லவா?

அதே நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் புனைபெயரில் எழுதிய துறவி ஒருவர், கண்ணாடி வேலையின் முறைகளை ஒரு நூலில் விளக்கினார். பலகையில் சுண்ணத்தைப் பூசி அதன்மேல் படத்தை வரை. வண்ணத் துண்டுகளை அதன்மேல் வைத்து, காய்ச்சிய இரும்பால் கீறிப் பிளந்து, விளிம்பைச் சிறிது சிறிதாகக் கொறித்துச் சீர் செய். ஈயப் பட்டைகளில் அவற்றைச் செருகு. மூட்டுகளை வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசால் இணை என்பன அவர் கூறும் படிகள். ஸ்பெயின் நாட்டு ஜிரோனா பேராலயத்தில், 14ஆம் நூற்றாண்டில் கண்ணாடித் தச்சர் இவ்வாறு பயன்படுத்திய பலகைகள் இன்றும் உள்ளன. காய்ச்சிய இரும்பின் இடத்தில் இன்று சிறு சக்கரக் கருவி வந்துள்ளது. மற்றபடி படிகள் மாறவில்லை.

வண்ணங்கள் உலையிலேயே கண்ணாடிக்குள் கலந்துவிடுகின்றன. கோபால்ட் நீலம் தரும். மாங்கனீசு ஊதா தரும். செம்பு, உலையின் நிலைக்கேற்பப் பச்சையோ சிவப்போ தரும். மஞ்சளுக்கு மட்டும் வேறொரு வழி வந்தது. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் பூசிச் சூளையில் சுட்டால் பொன்னிறம் ஏறும். இதைக் கண்டறிந்தவர் உல்ம் நகர அருளாளர் யாக்கோபு என்று ஒரு மரபு உண்டு. அவர் 1407இல் பிறந்து 1491இல் இறந்தவர். இத்தாலியின் பொலோனியா நகரில் புனித சாமிநாதர் சபையின் அருட்சகோதரராக வாழ்ந்து, கண்ணாடி ஓவியம் தீட்டியவர். 1825இல் அருளாளராக உயர்த்தப்பெற்றவர். அவருடைய அங்கியின் வெள்ளிப் பித்தான் ஒன்று கண்ணாடியின் மேல் விழுந்து, சூளையில் மஞ்சள் படர்ந்ததாம்! அழகிய கதைதான். ஆனால் அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சு நாட்டில் இம்முறை வழக்கில் இருந்தது. அவரைப் பற்றிய மற்றொரு மரபு நமக்கு இதனினும் பொருளுடையதாகப் படுகின்றது. சூளையில் கண்ணாடி வெந்துகொண்டிருந்த வேளையில், மடத்தலைவர் அவரைப் பிச்சை எடுத்து வர அனுப்பினார். சற்றும் தயங்காமல் அவர் சென்றார். சூளையை விட்டுச் செல்வது எத்துணைக் கடினம் என்பது அதன் முன் ஒருமுறை நின்றவர்க்கே விளங்கும்.

நம் நாட்டிற்கு வண்ணச் சாளரங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தன. 1896இல் இன்றைய வடிவில் எழுந்த மயிலை சாந்தோம் பேராலயத்தின் சாளரத்தில் புனித தோமாவின் வரலாற்றைக் காணலாம். பெங்களூரு புனித மரியா பேராலயத்துச் சாளரங்களை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றிப் பாதுகாத்து, போருக்குப் பின் மீண்டும் பொருத்தினர்.

சாளரக் கலை மேசைமேல் வைக்கும் சிறு விளக்கின் கலையாக மாறியது அமெரிக்காவில். துண்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, அந்த நாடாக்களைப் பற்றாசால் இணைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வளர்ந்தது. கனத்த ஈயப் பட்டையால் வளைக்க இயலாத வளைவுகள் இதனால் கைகூடின. லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி என்பவரின் பட்டறை விளக்குகள் உலகப் புகழ் பெற்றன. அவை அனைத்தும் அவர் பெயரிலேயே அறியப்பட்டன. அங்கே கண்ணாடி வெட்டும் மகளிர் பிரிவின் தலைவியாக இருந்த கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்மணி, தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்து, 2007இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தபின்தான் உண்மை வெளிப்பட்டது. தும்பி விளக்கு உட்படப் புகழ்பெற்ற வடிவங்கள் பலவும் அவருடையவை. மணமான பெண்களை அப்பட்டறை வேலையில் வைத்துக்கொள்வதில்லை. 1909இல் திருமணம் செய்துகொண்டு அவர் விலகினார். ஒரு நூற்றாண்டு ஆயிற்று, அவர் பெயரை உலகம் சொல்வதற்கு.

பெரும்பாக்கத்தில் இந்தக் கைவேலையை நம்மோடு பழகுவோரும் பெண்களே. கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், எட்டடுக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். முன்னோர் துயிலும் கல்லறைகள் நகரின் மறுகோடியில். பேருந்தில் செல்ல வேண்டும். எனவே கூண்டு சிறியதாக, பையில் அடங்குவதாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான்கு பக்கக் கண்ணாடி, அடியில் தகரத் தட்டு, மேலே திறப்பு. அடிப்புறத்தில் காற்றுக்கு ஒரு விரற்கடை இடைவெளி விடவேண்டும். இல்லையேல் திரி மூச்சடைத்து அணையும். சுடர் கண்ணாடிக்கு மிக அருகில் நின்றால், ஒருபுறம் மட்டும் சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் சேர்ந்த பற்றாசு ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகவே மூட்டின் அருகிலும் சுடர் கூடாது.

ஈயத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டியுள்ளது. அதன் நஞ்சு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. பெரும்பாலும் தூசியாய்க் கையில் ஒட்டி, வாய்க்குச் சென்றே அது தீங்கு செய்கின்றது. சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை தவழ்வதும் ஒரே அறையில் நிகழும் வீடுகளில் பற்றவைக்கும் வேலை ஆகாது. வீட்டிற்கு எடுத்துச் சென்றால் கூடுதலாக நான்கு கூண்டு முடிப்பேன் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த நான்கின் விலை அவர்களுக்குச் சிறிதன்று என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் இசையவில்லை. ஆலயத்தின் பின்புறத் திறந்த தாழ்வாரத்தில் மட்டுமே பற்றவைப்பது, காரீயம் கலவாத பற்றாசையே வாங்குவது, கை கழுவாமல் வீடு திரும்பாதது என்று முடிவு செய்தோம். காரீயமில்லாப் பற்றாசு விலை கூடியது. எளிதில் ஓடியும் பரவாது. அதனால் மூட்டுகள் அத்துணை மழமழப்பாக அமைவதில்லை. அமையாவிட்டால் போகட்டும்.

மற்றொரு சிக்கல் சென்ற ஆண்டு எழுந்தது. இடித்துப் புதிதாகக் கட்டப்படும் பழைய ஆலயம் ஒன்றிலிருந்து உடைந்த வண்ணக் கண்ணாடி ஒரு பெட்டி நிறைய வந்தது. இன்று கடையில் கிடைக்காத ஆழ்ந்த நீலம். வழிபாட்டில் இருந்ததை வெட்டலாமா என்று பெண்களில் மூத்தவர் ஒருவர் கேட்டார். வழிபாட்டிற்கென்று மந்திரிக்கப்பெற்றவை வணக்கத்தோடு நடத்தப்பட வேண்டும், தனியார் உடைமையாயினும் உலகியல் பயன்பாட்டிற்கோ தகாத பயன்பாட்டிற்கோ ஆகா என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் எண் கூறுவது. சாளரக் கண்ணாடிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் கேட்டவரின் உள்ளத்தில் இருந்தது சட்டமன்று, கூச்சம். அதற்கும் மதிப்புத் தரவேண்டும். உருவம் தீட்டப்படாத நீலத்தையும் சிவப்பையும் கல்லறைத் திரிக்கூண்டுகளுக்கே பயன்படுத்துவது, விற்பனைக்குக் கொடுப்பதில்லை என்று பேசி ஒப்புக்கொண்டோம். கல்லறைக்குச் செல்லும் திரியும் செபம்தானே என்றார் அவர். அதன்பின் முதல் துண்டை அவரே கீறினார்.

உருவம் உள்ளவற்றை வெட்டவில்லை. அவை ஏழு துண்டுகள். ஒன்றில் மடிப்புகளோடு அங்கியின் ஓரம். மற்றொன்றில் வெள்ளி மஞ்சளில் தீட்டிய ஒளிவட்டத்தின் பாதி. வேறொன்றில் மணிக்கட்டு வரை ஒரு கை, யாருடைய கை என்று தெரியவில்லை. துணியில் சுற்றித் திருப்பொருளறை அலமாரியில் வைத்துள்ளோம்.