கர்ப்பகாலக் களிசான்: வீட்டுத் தையலும் அளவும்

கர்ப்பகாலக் களிசான் என்பது, மாதத்துக்கு மாதம் வளரும் வயிற்றுக்கு இடம்விட்டு, அதேவேளை இடுப்பிலிருந்து நழுவாமல் நிற்கும்படி தைக்கப்படும் கீழாடை. வீட்டில் தைப்பவர்கள் சல்வாரைப் புதிதாக வெட்டித் தைப்பார்கள். அல்லது கைவசமுள்ள களிசானின் முன்பக்கத்தை வெட்டி, அங்கே இழுபடும் துணி வைப்பார்கள். புத்தளம் நகரை ஒட்டிய தில்லையடி இந்த உடுப்பைப் பற்றி யோசிக்க ஏற்ற ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல அங்கே குடியேறி நிலைத்தன. அபாயாவுக்கு உள்ளேயும் நீண்ட மேற்சட்டைக்குக் கீழேயும் பெண்கள் சல்வாரோ களிசானோ அணியும் ஊர் அது. வெயில் கடுமையான உலர்வலயக் கரை. அங்கே பிள்ளைத்தாச்சி ஒருத்திக்குக் களிசான் தைப்பவர் முதலில் வயிற்றின் சுற்றளவைத்தான் எடுப்பார். ஆனால் பொருத்தத்தை முடிவுசெய்வது வேறோர் அளவு: களிசானின் மேல்விளிம்பு முன்னால் எந்த மட்டத்தில் நிற்கிறது, பின்னால் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது.

இதற்கான சான்று கர்ப்பிணியின் உடலிலேயே இருக்கிறது. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் அளவுநாடாவை வைத்து, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை அளப்பார். 20 கிழமையளவில் கருப்பையின் உச்சி தொப்புளுக்கு வரும். அதன்பின் 36 கிழமைவரை, கிழமைக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வீதம் ஏறி, நெஞ்செலும்பின் கீழ்நுனியை நெருங்கும். முதல் 12 கிழமையில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருப்பதால் பழைய களிசானே போதும். பட்டன் மட்டும் இறுக்கும். ஆகவே வளர்ச்சி முதலில் மேல்நோக்கியது, பிறகுதான் முன்னோக்கியது. வயிறு முன்னால் தள்ளும்போது உடலின் பாரமும் முன்னுக்கு நகரும். விழாமல் நிற்க முதுகு பின்னோக்கி வளையும். நேராக வெட்டிய இடுப்புப் பட்டி இந்த உடலில் நிலைக்காது: முன்னால் வயிற்றின் சரிவில் வழுக்கிக் கீழிறங்கும், பின்பக்கத்தையும் தன்னோடு இழுக்கும்.

பின்பக்க உயரம் போதாதபோது வரும் தொல்லை நின்றுகொண்டிருக்கையில் தெரியாது. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலைக்குப் போவது இடம்பெயர்ந்த பெண்கள் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. வெங்காயம் பிடுங்குவது குந்தியிருந்து செய்யும் வேலை. குந்தும்போது இடுப்பின் பின்பக்கத் தோல் நீள்கிறது, துணி நீளாது; விளிம்பு கீழிறங்கி முதுகு வெளியே தெரியும், கவட்டுத் தையல் தெறிக்கும். தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தாலும் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தாலும் இதே நிலைதான். கர்ப்பத்தின் பெரும்பகுதியில் ஒரு பெண் குனிந்தும் உட்கார்ந்தும் எழும்பியும்தான் நாளைக் கழிக்கிறாள். நிற்கும் உடலுக்கு மட்டும் அளவெடுத்த களிசான் அவளுக்கு உதவாது.

இரண்டு அளவு பெரிய களிசான் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். கடைக்களிசானில் இடுப்பு பெருக்கும்போது தொடையும் கால்நீளமும் கவட்டும் சேர்ந்தே பெருக்கும். பிள்ளைத்தாச்சியின் தொடை அந்த வீதத்தில் பெருப்பதில்லை. கவட்டுத் துணி தொங்கி உள்தொடையில் உரசும். வெயில் காலத்தில் அந்த இடம் வியர்த்துப் புண்ணாகும். நிலத்தில் இழுபடும் கால்விளிம்பு, தன் பாதத்தையே பார்க்க முடியாத எட்டாம் மாதக்காரிக்கு ஆபத்து. அப்படியானால் களிசானே வேண்டாம், சட்டை போதும் என்ற பேச்சும் நியாயமற்றதல்ல. காற்றோட்டத்தில் சட்டைக்கு நிகரில்லை. ஆனால் தொடை உரசலைச் சட்டை தடுக்காது. தோட்ட வேலைக்கும் மோட்டார் சைக்கிள் பயணத்துக்கும் அது தோதுப்படாது.

சல்வாரின் நாடா இதைவிட வலுவான மறுப்பு. அவிழ்த்துக் கட்டினால் எந்த வயிற்றுக்கும் பொருந்தும் நாடா இருக்கும்போது புது வெட்டு எதற்கு? நான்காம் ஐந்தாம் மாதம்வரை இந்தக் கேள்விக்குப் பதிலில்லை, நாடாவே சிறந்தது. அதன்பின் நழுவாமலிருக்க இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும். விரல் அகலமுமில்லாத நாடா முழுப் பாரத்தையும் ஒரே கோட்டில் இறக்கும். இடுப்பின் முன்முனை எலும்புக்கு அருகே தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பொன்று போகிறது. அது அழுத்தப்பட்டால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், எரியும். கர்ப்பமும் இறுக்கமான இடுப்புக் கட்டும் இந்த நோவுக்கு மருத்துவம் அறிந்த காரணங்கள். இரண்டும் ஒன்றுசேர்வதை வெட்டுகிறவர் தவிர்க்கலாம். சல்வாரின் தளர்ந்த காலும் தாராளமான கவட்டும் அப்படியே இருக்கட்டும்; மாற வேண்டியது மேல்விளிம்பு மட்டுமே.

மேல்விளிம்பை மாற்றும் யோசனை புதிதல்ல. 1938 இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எல்சி ஃபிராங்க்பர்ட், கர்ப்பமாயிருந்த தன் சகோதரிக்காக, நேர்ப் பாவாடையின் முன்பக்கத்தில் வயிற்றுக்கு ஒரு திறப்பு வெட்டினார். பேஜ் பாய் என்ற நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அதுவரை பாவாடையை எல்லாப் பக்கமும் அகட்டினார்கள். வயிறு துணியை மேலே தூக்க, முன்விளிம்பு ஏறியும் பின்விளிம்பு தாழ்ந்தும் நின்றது. துணியைக் கூட்டாமல் உரிய இடத்தில் குறைத்ததில்தான் அவருடைய தீர்வு இருந்தது. 1958 இல் டூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் எலாஸ்டேன் (லைக்ரா) இழையை உருவாக்கியபின், அந்தத் திறப்பை இழுபடும் துணியால் மூடுவது எளிதாயிற்று. இலங்கையில் 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992 இல் 200 ஆடைத்தொழிற்சாலைத் திட்டம் வந்தது. தையல் தெரிந்த கைகளும் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியும் இதனால் ஊர்களுக்குள் பரவின. லைக்ரா கலந்த டீசேர்ட் துணி இன்று எட்டாத பொருளல்ல.

அளவெடுக்க மெல்லிய இலாஸ்டிக் ஒன்று போதும். அதை இடுப்பைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, சில தடவை குனிந்து, உட்கார்ந்து, எழும்பச் சொல்ல வேண்டும். இலாஸ்டிக் தானே ஒரு மட்டத்தைக் கண்டுபிடித்து நிற்கும்: முன்னால் வயிற்றின் அடிச்சரிவில், பின்னால் முதுகின் பள்ளத்தில். அந்த முன்புள்ளியிலிருந்து கவட்டினூடாகப் பின்புள்ளிவரை அளவுநாடாவை ஓட்டி, கவட்டில் ஓர் அடையாளம் வைத்தால் முன்னுயரமும் பின்னுயரமும் தனித்தனியே கிடைக்கும். இதைக் கதிரையில் உட்கார்ந்த நிலையிலும் எடுக்க வேண்டும். பின்னுயரத்தில் பெரிய அளவையே வெட்டுக்குக் கொள்ள வேண்டும். வழக்கமான சல்வார் வெட்டிலிருந்து முன்நடுவை 8 முதல் 10 செ.மீ. தாழ்த்தி, பக்கத் தையலை நோக்கி வளைவாக ஏற்றி, பின்நடுவை 2 அல்லது 3 செ.மீ. உயர்த்தினால் பெரும்பாலும் சரிவரும்.

வளைவுக்கு மேலே வருவது இழுபடும் பட்டி. 10 செ.மீ. துண்டை 15 செ.மீ. வரை இழுத்து விட்டால் முழுதாகத் திரும்பும் துணியே இதற்கு ஆகும். திரும்பாமல் தொய்யும் துணி மத்தியானத்துக்குள் களிசானைக் கீழே விடும். இழுபடும் திசை உடலைச் சுற்றி வரவேண்டும். பட்டியின் சுற்றளவு வயிற்றின் சுற்றளவைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவாகவும், முடிந்த உயரம் 20 முதல் 25 செ.மீ. வரையிலும் இருக்கலாம். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷினில் இழுபடும் துணியைத் தைக்க முடியாது என்பார்கள். சிங்கர் 1877 இல் இலங்கைக்கு வந்தது முதல் அப்படிப்பட்ட மெஷின்கள் இங்கே வீடுகளில் புழங்குகின்றன. அவை இந்த வேலைக்குப் போதும். பட்டியை இரட்டை உயரத்தில் வெட்டி நடுவே மடித்தால் மேல்விளிம்பு மடிப்பாகவே வந்துவிடும், அங்கே தையல் தேவையில்லை. பட்டியை வளையமாக்கும் தையல் நின்றவாக்கில் போவதால் இழுபடாது. கீழே அது இழுபடாத பருத்தியோடு சேர்வதால் அந்தத் தையலும் நீளத் தேவையில்லை. தைக்கும்போது பட்டியைச் சற்று இழுத்துப் பிடித்தால் போதும். முனை மழுங்கிய ஊசியும் பொலியெஸ்டர் நூலும் மட்டும் அவசியம், இல்லாவிட்டால் பின்னல் கண் அறுந்து ஓட்டை விழும்.

பழைய களிசானை மாற்றுபவர் சிப்பையும் முன்பட்டியையும் வளைவாக வெட்டி எடுத்து, அரைவட்டப் பட்டியை அங்கே வைப்பார். பின்பக்கப் பட்டியை வெட்டக் கூடாது. அதற்குள் அகலமான இலாஸ்டிக்கை ஓட்டினால் முதுகில் பிடிப்பு நிற்கும். பாதம் வீங்கும் கடைசி மாதங்களை எண்ணி, சல்வாரின் ஒடுங்கிய கால்விளிம்பில் ஒரு பிளவு விடுவது நல்லது. துவைத்த பட்டியை நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் நேர்வெயிலும் எலாஸ்டேனைச் சீக்கிரம் தளர்த்திவிடும்.

வயிற்றை மூடும் உயர்ந்த பட்டி வெக்கை தரும், வயிற்றுக்குக் கீழே நிற்கும் குட்டைப் பட்டியே இந்தக் கரைக்கு ஏற்றது என்பதில் உண்மை உண்டு. உயர்ந்த பட்டியைக் கீழே மடித்துவிட்டாலும் அதே குளிர்ச்சி கிடைக்கும், குட்டைப் பட்டியை மேலே இழுக்கத்தான் முடியாது. சில மாத உடுப்புக்கு இத்தனை உழைப்பா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். பிள்ளை பிறந்தவுடன் கருப்பையின் உச்சி தொப்புள் மட்டத்தில்தான் இருக்கும். அது இடுப்புக்கூட்டுக்குள் இறங்க இரண்டு கிழமையளவு செல்லும். அதுவரை பழைய களிசான் ஏறாது. சிசேரியன் ஆனவருக்கு வெட்டுக்காயம் பெரும்பாலும் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே கிடையாக இருக்கும், குட்டைப் பட்டி சரியாக அதன்மேல் உரசும். உயர்ந்த மென்பட்டி காயத்தைக் கடந்து மேலே போய்விடுவதால், பேறுகாலப் பையில் வைக்க வேண்டிய களிசான் இதுதான். வயிறு வற்றியபின் பட்டியை மூன்றிலொரு பங்கு ஒடுக்கித் திரும்பத் தைத்தால் அடுத்த பிள்ளை வரை அதை வீட்டுக் களிசானாக உடுத்தலாம்.